நாற்பத்தொரு கீறல் படங்கள்

ரய்யா கேட்ட முதல் படத்தை ஹவ்வாஸ் உடனே அனுப்பிவிட்டார். இருபதாவது படம் வர அரை நாள் ஆயிற்று. முப்பத்தைந்தாவதைக் கேட்டபோது படம் வரவில்லை, குரல்பதிவுதான் வந்தது.

"தங்கச்சி, எனக்கு அம்பத்திமூணு வயசாகுது. என் மூஞ்சியவே நான் கண்ணாடில இத்தன பக்கத்துல பாத்ததில்ல. நீ இந்த வண்டிய வாங்கப் போறியா, இல்ல ஆஸ்பத்திரில சேக்கப் போறியா?"

ஸோஹாரில் தன் கடைக்குள் உட்கார்ந்து அதைக் கேட்ட ரய்யா வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் பட்டியலை விடவில்லை. ஹவ்வாஸை அவள் 'அபூ தலால்', தலாலின் அப்பா, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவாள்.

"மன்னிச்சுக்கங்க அபூ தலால். இன்னும் ஏழே ஏழு. வலது கதவுக் கைப்பிடிக்குக் கீழ நீளமா ஒரு கோடு இருக்கு பாருங்க, அதுல உங்க நகத்த வச்சுக் குறுக்க இழுங்க. நகம் மாட்டுதா, வழுக்குதா?"

கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "வழுக்குது." கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொன்று. "ஏன் தங்கச்சி, வழுக்கினா நல்லதா, கெட்டதா?"

"நல்லது. மேலோட்டமான கீறல்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்."

வண்டி இருந்தது சவூதியில், ஹாயிலில். ரய்யா இருந்தது ஓமானில். லாரியில் ஏற்றினால் ஒரு பாலைவனமும் ஓர் எல்லைச் சாவடியும் தாண்டி மூன்று நாளில் வந்து சேரும். தொண்ணூற்றாறாம் வருடத்து நிஸான் ஸ்போர்ட்ஸ் கார். கருஞ்சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு பதுங்கிய மூக்கு. இருபத்தைந்து வயதில் ஹவ்வாஸ் அதைக் கடையிலிருந்து புதிதாக எடுத்தார். எடுத்த மறுநாளே தோட்டத்துக்கு ஓட்டிப் போனார். தோட்டத்து வழி நெடுகிலும் இரண்டு பக்கமும் முள்மரங்கள். இருபத்தெட்டு வருடத்தில் ஒவ்வொரு முள்ளும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டிருந்தது. மணல் அடித்து அடித்து பானெட் அம்மைத் தழும்பு முகம்போல் ஆகியிருந்தது. கூரை வெளுத்திருந்தது. இடது பின் மட்கார்டில் ஒட்டகம் ஒன்று உடம்பைச் சொறிந்துகொண்டு போன தடம், ஒரு முழத்துக்கு. என்ஜினை மட்டும் அவர் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டார். வெளித்தோலைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. அதனால்தான் அதில் ஒரு பெயிண்டரின் கையும் பட்டிருக்கவில்லை.

ரய்யாவுக்கு வேண்டியதும் அதுதான்.

அவள் தொழில் பாலிஷ். உப்புத்தாளும் இல்லை, பட்டியும் இல்லை, பெயிண்ட் துப்பாக்கியும் இல்லை. கம்பெனி அடித்த பெயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் படிந்த வருடங்களை மட்டும் எடுத்துவிடுவது. அதற்காக, கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூட வேலையைப் போன வருடம் விட்டாள். அதே வருடம் மஸ்கட்டில் நடந்த கார் கண்காட்சியில் இரவல் வாங்கிய வெள்ளைக் கார் ஒன்றைக் கண்ணாடியாக்கி நிறுத்தினாள். யாரோ ஒருவர் சட்டைப் பையிலிருந்து பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை எடுத்து பானெட்டில் வைத்தார். முந்நூறு மைக்ரான். கம்பெனி பெயிண்ட் என்றால் நூறு, நூற்றிருபதைத் தாண்டாது.

"இது உன் கைவேலை இல்லம்மா, எவனோ பெயிண்டர் கைவேலை" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த இரவல் காருக்கு யாரோ முன்பே மறுபெயிண்ட் அடித்திருந்தது ரய்யாவுக்குத் தெரியாது. முன்கூட்டி அளந்து பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருடக் கண்காட்சிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள். காரின் நடுவில், மூக்கிலிருந்து வால்வரை நீளமாக டேப் ஒட்டி, ஒரு பாதியைப் பாலிஷ் போட்டு மறுபாதியை வந்தபடியே விட்டு நிறுத்துவதாகத் திட்டம். எந்தக் கருவியையும் யாரும் எங்கேயும் வைத்துப் பார்க்கலாம். அது சரியாக நடந்தால் கடை நிற்கும். நடக்காவிட்டால் குளிர்காலம் முடிவதற்குள் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஆய்வுக்கூடத்து வாசலில் போய் நிற்க வேண்டும். இதை நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதி வைத்திருந்தாள், யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி.

நாற்பத்தொரு படங்களும் வந்து சேர்ந்தபின், ஹாயில் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கும் தன் சித்தி மகன் மஸ்ஊதைப் பிடித்தாள். அளக்கும் கருவியைக் கூரியரில் அவனுக்கு அனுப்பி வைத்தாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவன் ஹவ்வாஸின் வீட்டு வாசலில் வண்டி முன் நின்று வீடியோவில் கூப்பிட்டான்.

"எங்க வைக்கணும்? சொல்லு டாக்டரம்மா."

"கூரைலேர்ந்து ஆரம்பி அண்ணே. அஞ்சு இடம். நாலு மூலை, நடுவுல ஒண்ணு. அழுத்தாம வை."

"ஊசி போடுறவன்கிட்ட அழுத்தாதேன்னு சொல்றா பாரு. தொண்ணூத்தெட்டு. நூத்திநாலு. நூத்தி ரெண்டு..."

அவள் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். பானெட்டில் எட்டு, கதவுக்கு ஆறு, மட்கார்டுக்கு நான்கு. ஒட்டகத் தடத்தில் மட்டும் எண்பத்தொன்பது. குறைவுதான், ஆனால் அங்கே ஒட்டகம் சுரண்டியிருக்கிறதே தவிர மனிதன் பூசவில்லை. திடீரென்று மஸ்ஊத் கத்தினான்.

"ரய்யா, கருவி செத்துப்போச்சு! நம்பரே காட்ட மாட்டேங்குது!"

"எங்க வச்சிருக்க?"

"முன் பம்பர்ல."

"அது பிளாஸ்டிக் அண்ணே. பிளாஸ்டிக்ல காட்டாது. உன் நெத்தில வச்சாலும் காட்டாது."

"வச்சுப் பாத்தேன், காட்டல."

பின்னால் நின்றிருந்த ஹவ்வாஸின் சிரிப்பு வீடியோவில் கேட்டது. அவர் மட்டும் படத்துக்குள் வரவில்லை. நீண்ட வெள்ளை உடையின் விளிம்பும் செருப்பும் மட்டும் தெரிந்தன. எல்லா எண்களும் நூற்றிருபதுக்குள் இருந்தன. ரய்யா தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு, தான் எதையும் கூட்டவே வேண்டியதில்லை என்பது ஞாபகம் வந்து பேனாவைக் கீழே வைத்தாள்.

விலை பேசும்போது அவள் ஒரு தவறு செய்தாள். செய்தபோது அது தவறென்று தெரியவில்லை. ஹவ்வாஸ் தன் விலையைச் சொன்னார். அவள் சரியென்று சொல்லிவிட்டாள். ஒரு ரியால்கூடக் குறைக்கவில்லை.

அந்த ஊர்ப் பக்கங்களில் கீறலைச் சுட்டிக் காட்டுபவர் விலையைக் குறைக்கத்தான் சுட்டிக் காட்டுவார். ஒருத்தி நாற்பத்தொரு கீறலைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முழு விலையும் கொடுத்தால் என்ன அர்த்தம்? ஹவ்வாஸ் இதை மூன்று நாள் யோசித்திருக்கிறார். அவருக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் கிடைத்தது. இந்தப் பெண் நல்ல குடும்பத்துப் பெண். ஓர் ஆணிடம் பேரம் பேசக் கூச்சப்பட்டிருக்கிறாள். மனதுக்குள் நாற்பத்தொரு குறையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் பணத்தை அனுப்பிவிட்டாள். தன் வாசலில் ஒருத்தி மனக்குறையோடு வாங்கிப் போவதா?

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது, ரய்யா கேட்காமலே. வண்டி ஒரு பட்டறைக்குள் நின்றது. கண்ணாடிகளை எல்லாம் செய்தித்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். கீழே ஒரு வரி: "நீ கேக்கல, ஆனா எனக்குப் புரிஞ்சுது தங்கச்சி. புது மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கும் பாரு. இது என் அன்பளிப்பு."

ரய்யா உடனே கூப்பிட்டாள்.

"அபூ தலால், பெயிண்ட் அடிக்காதீங்க! தயவு செஞ்சு நிறுத்துங்க!"

"காசப் பத்திக் கவலப்படாத. பெயிண்டர் என் ஆளு. ஹாயில்லயே பெரிய கை."

"காசு இல்லங்க. எனக்கு அந்தக் கீறலெல்லாம் வேணும்."

ஹவ்வாஸ் மிகவும் கனிவாகச் சொன்னார். "உன் பெருந்தன்மை அது. ஆனா நான் அப்படி விட முடியுமா? ஹவ்வாஸ் ஒரு தூரதேசத்துப் பொண்ணுக்குச் சொறி புடிச்ச வண்டிய ஏத்தி அனுப்பினான்னு நாளைக்கு நாலு பேரு சொல்லணுமா? சாயங்காலம் காத்து அடங்கினதும் அடிக்க ஆரம்பிச்சுடுவான். நீ நிம்மதியா இரு."

இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னார். இன்னும் அன்பாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவளுடைய நல்ல குணத்தைப் பற்றிய அவர் அபிப்பிராயம் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது முறை கூப்பிட்டால் வண்டியோடு ஓர் ஒட்டகத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார் போலிருந்தது. அவள் மஸ்ஊதைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்க?"

"டியூட்டி முடிஞ்சு இப்பதான் சோத்துல கை வைக்கிறேன்."

"கைய எடு."

நடந்ததைச் சொன்னாள். மஸ்ஊத் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"போன்ல சொன்னா கேக்க மாட்டாரு. அன்பளிப்ப வேணாங்கறது இங்க பெரிய விஷயம். அவர் மஜ்லிஸ்ல, அந்த விருந்தாளிக் கூடத்துல போய், ஆளுங்க முன்னாடி, அவர் கொடுக்கற கஹ்வாக் காப்பியக் குடிக்காம கீழ வைக்கணும்."

"வச்சா?"

"வச்சா, நாங்க ஒரு தேவையோட வந்திருக்கோம்னு அர்த்தம். அவர் 'குடி'ன்னு சொல்றவரைக்கும் தொடக் கூடாது. சொல்லிட்டாருன்னா கேட்டதக் கொடுத்த மாதிரி. சொல்லாம திருப்பி அனுப்பினா அவருக்கு அவமானம், எனக்கு அதவிட. இது பொண்ணு கேக்கப் போறப்ப, கொலைக்கு மன்னிப்பு கேக்கப் போறப்ப செய்யறது. காருக்குப் பெயிண்ட் அடிக்காதேன்னு கேக்க இதுவரைக்கும் எவனும் செஞ்சிருக்க மாட்டான். நாளைக்கு ஆஸ்பத்திரில எனக்கு என்ன பேரு வைப்பானுங்கன்னு யோசிச்சியா?"

"அண்ணே."

"போறேன், போறேன். நீ போன எடுத்துப் பக்கத்துலயே வச்சுக்க. பேசறது நீதான்."

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் மஸ்ஊத் வீடியோவில் கூப்பிட்டான். போனைத் திண்டில் சாய்த்து வைத்திருந்தான். சிவப்புக் கம்பளமும், அதில் யாரோ ஒருவரின் மடக்கிய முழங்காலும், வெண்கலக் கஹ்வாப் பானையின் மூக்கும் மட்டும் ரய்யாவுக்குத் தெரிந்தன. ஏழெட்டு ஆண்களின் பேச்சு கேட்டது. மழை வருமா என்பதைப் பற்றி. பானை சரிந்தது, கோப்பை நிறைந்தது. மஸ்ஊதின் கை கோப்பையை வாங்கி, உதட்டுக்குக் கொண்டுபோகாமல், கம்பளத்தில் வைத்தது.

மழைப் பேச்சு நின்றது.

"பொண்ணு கேக்க வந்திருக்கான்டோய்!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

"எனக்கு வீட்ல ஒருத்தி இருக்கா. அவளுக்கே நான் பத்தல" என்றான் மஸ்ஊத். சிரிப்பு இன்னும் பெரிதானது.

ஹவ்வாஸின் குரல் வந்தது. "கஹ்வாவ ஏன் கீழ வச்சுட்ட மஸ்ஊத்?"

"குடிக்கிறேன் அபூ தலால். எங்களுக்கு ஒரு தேவை இருக்கு."

"உன் தேவை என்னன்னு எனக்குத் தெரியும். அதத் தவிர என்ன வேணா கேளு. நிலம் கேளு. ஒட்டகம் கேளு."

"எந்த ஒட்டகம்? வண்டிய உரசினதா? வேணவே வேணாங்க. எங்க தேவைய என் தங்கச்சியே சொல்லுவா."

மஸ்ஊத் போனைத் தூக்கிக் கம்பளத்தின் நடுவில், கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். இப்போது ரய்யாவுக்குத் தெரிந்ததெல்லாம் கூரையும் ஒரு மின்விசிறியும்தான். பேச வேண்டியதை அவள் நோட்டில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஆறு குறிப்புகள். முதல் குறிப்பு, மைக்ரான் என்றால் என்ன என்று ஆரம்பித்தது. அதைப் படித்துப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டாள்.

"அபூ தலால், நான் நாப்பத்தொரு படம் கேட்டேன். நீங்க அலுத்துக்காம அனுப்பினீங்க. நான் குறை கண்டுபிடிக்கக் கேக்கல. சந்தையில பேரீச்சம்பழம் வாங்குறப்ப ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாப்பீங்கல்ல? பழம் நல்லாருக்கான்னு பாக்கத்தானே? அந்த மாதிரிதான் பாத்தேன். எனக்கு எல்லாமே புடிச்சுது. அதான் கேட்ட விலைக்கு வாங்கினேன்."

மின்விசிறியைப் பார்த்தபடியே ரய்யா தொடர்ந்தாள்.

"இந்த மாதிரி வண்டி நிறைய இருக்கு. மினுமினுன்னு இருக்கு. எல்லாத்தையும் எவனோ அடிச்சு வச்சிருக்கான். இருபத்தெட்டு வருஷமா யாரும் கை வைக்காத வண்டி உங்ககிட்ட மட்டும்தான் இருந்துது. அந்தப் பழைய பெயிண்ட அப்படியே வச்சுப் பாலிஷ் போடறதுதான் என் பொழப்பு. எனக்கு நீங்க வித்தது அந்தப் பெயிண்டத்தான். இன்னிக்குச் சாயங்காலம் அது மேல வேற அடிச்சா, நீங்க எனக்கு வித்தத எடுத்துக்கிட்டு வேற ஒண்ணக் கொடுத்த மாதிரி ஆகிடும். நீங்க அப்படிச் செய்யற ஆளு இல்ல. அது எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியம் நோட்டில் இல்லாதது. சொன்ன பிறகுதான் அது கொஞ்சம் கடுமையாகிவிட்டதோ என்று தோன்றியது. திரும்ப எடுக்க முடியாது. எடுக்கவும் அவள் விரும்பவில்லை.

ஒரு கிழக்குரல் தொண்டையைச் செருமியது. "ஹவ்வாஸ், வித்த பொருளு வித்தபடியே போகணும். பொண்ணு நியாயத்தத்தான் சொல்றா."

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்?"

"நல்லதுதான். ஆனா வண்டி இப்ப உன்னோடது இல்லையே. அவளோடது. அவ வண்டிக்கு நீ எப்படிப் பெயிண்ட் அடிப்ப?"

ஹவ்வாஸ் தஸ்பீஹ் மணிகளை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "குடி மஸ்ஊத்" என்றார். உடனேயே, "இரு, இரு, அது ஆறிப் போயிருக்கும். வேற ஊத்துங்கடா அவனுக்கு" என்றார்.

மஸ்ஊத் மூன்று கோப்பை குடித்தான். ஹவ்வாஸ் அங்கே உட்கார்ந்தபடியே பட்டறைக்குப் போன் போட்டார்.

"ஏய், அடிக்காத. ஆமா. வேணாமாம். நான் சொல்றேன்ல? ...என்னது?" குரல் இறங்கியது. "தங்கச்சி, ஒரு விஷயம். அந்த ஒட்டகம் உரசின இடத்துல அவன் உப்புத்தாள் போட ஆரம்பிச்சுட்டானாம். ஒரு உள்ளங்கை அளவுக்கு."

ரய்யாவுக்கு அந்த இடத்து எண் ஞாபகம் இருந்தது. எண்பத்தொன்பது. ஏற்கனவே மெலிந்த இடம். "தகரம் தெரியுதா?"

"தகரம் தெரியுதாடா? ...இல்லையாம். மங்கிப் போயிருக்கு, அவ்வளவுதானாம். அதுல மட்டும் ஒரு பூச்சு பூசிடட்டுமா? சின்னதா?"

"வேணாம். ஒண்ணும் பூச வேணாம். ஈரத்துணியால தொடச்சு விடச் சொல்லுங்க. மீதி நான் பாத்துக்கறேன்." கட்டம் போட்ட தாளை எடுத்து, இடது பின் மட்கார்டு என்ற வரிசையில் 'உள்ளங்கை அளவு, உப்புத்தாள் பட்டது' என்று எழுதினாள். கண்காட்சியில் இந்தத் தாளும் வண்டியின் பக்கத்தில் இருக்கும். கேட்பவர்களுக்கு அதையும் காட்ட வேண்டியதுதான்.

"அப்ப நாளைக்கு லாரில ஏத்திடறேன்" என்றார் ஹவ்வாஸ். ஆனால் போனை வைக்கவில்லை. "தங்கச்சி, நீ கேட்டத நான் கொடுத்துட்டேன். இப்ப எனக்கு ஒரு தேவை இருக்கு."

"சொல்லுங்க அபூ தலால்."

"நாளைக்கு அந்த லாரி ஊரு நடுவுல போகும். எல்லாரும் பாப்பாங்க. ஹவ்வாஸ் வண்டி சொறியோட போகுதுன்னு சொல்லுவாங்க. இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும். மத்தவங்களுக்கு? நான் ஒவ்வொருத்தனையா உக்கார வச்சு மைக்ரான் கணக்குச் சொல்ல முடியுமா? அதனால நீ உன் குரல்ல ஒரு பதிவு அனுப்பு. எவன் கேட்டாலும் நான் அதப் போட்டுக் காட்டிக்கறேன்."

மஸ்ஊத் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமுவது கேட்டது.

ரய்யா ஷட்டரைப் பாதி இறக்கினாள், தெருச் சத்தம் உள்ளே வராமல் இருக்க. போனை மேசையில் நிறுத்தி வைத்தாள். முதல் தடவை தன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டாவது தடவை வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. மூன்றாவது தடவை நன்றாக வந்தது.

"நான் ரய்யா பின்த் நாஸிர், ஸோஹார்லேர்ந்து பேசறேன். அபூ தலால் தன் வண்டிக்கு முழுசாப் பெயிண்ட் அடிச்சு அன்பளிப்பாத் தரேன்னு சொன்னாரு. பெயிண்டர்கிட்ட கொண்டுபோயும் விட்டாரு. நான்தான் வேணாம்னு சொன்னேன். இந்த வண்டி எப்படி இருக்கோ அப்படியேதான் எனக்கு வேணும். இதுல அவர் மேல ஒரு குறையும் இல்ல."

அனுப்பினாள். மஜ்லிஸில் அதைச் சத்தமாகப் போட்டுக் கேட்டிருப்பார்கள். இரண்டு நிமிடத்தில் ஹவ்வாஸிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாருக்கு தங்கச்சி. ரொம்ப நல்லாருக்கு. எல்லாருக்கும் திருப்தி. ஆனா இங்க பெரியவரு ஒண்ணு சொல்றாரு. 'வேணாம்னு சொன்னேன்'ங்கற இடத்துல, 'கெஞ்சிக் கேட்டேன்'னு இருந்தா இன்னும் கொஞ்சம் எடுப்பா இருக்குமாம்."

ரய்யா மறுபடியும் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். இந்தத் தடவை 'கெஞ்சிக் கேட்டேன்' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, நீட்டியே சொன்னாள்.